கலா ஓயா களப்பைத் தொடும் இடம்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாவிட்டால் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். தலவில, கண்டக்குழி, ஆலங்குடா, கற்பிட்டி என்று இந்தப் பக்கம் உள்ள எல்லோருக்கும் பொதுவான விஷயம். இன்ன மதம், இன்ன தொழில் என்று பிரித்துப் பார்க்க வேண்டாம்.

சென்ற தவணையில் ஒருநாள் தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். "உங்களுக்குத் தெரிந்த ஆற்று மீன் ஒன்றை வரைந்து பெயரை எழுதுங்கள்." அவ்வளவுதான். வகுப்பில் பாதிக்கு மேல் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். கரைக்கு வந்த மீனின் வாலைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடியவர்கள். கடதாசிகள் வந்து சேர்ந்தபோது பெரும்பாலானவற்றில் ஜப்பான் மீன்தான் இருந்தது, அதாவது திலாப்பியா. நாலைந்து பேர் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் தங்க மீனை வரைந்திருந்தார்கள். ஒரு மகள் மிக அழகாக ஒரு சூரையை வரைந்து, கீழே "ஆற்றுச் சூரை" என்று எழுதியிருந்தாள். பின்வரிசையில் ஒரு மகன் எதையும் வரையவில்லை. எழுந்து நின்று, "தலவிலயில ஆறே இல்லையே சேர், எதைப் பாத்து வரையிற?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் எங்களுக்குள் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். இந்த நாட்டு ஆறுகளுக்கே உரிய மீன் ஐந்தின் பெயரைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் முடியவில்லை. கல்வியியற் கல்லூரியில் உணவுச் சங்கிலி படித்தோம், உயிர்ப்பல்வகைமை என்ற சொல்லைப் பரீட்சைக்கு எழுதினோம், இன்றைக்கு அதையே கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் வரைந்த அந்த ஜப்பான் மீன் ஜப்பானிலிருந்து வந்ததும் இல்லை, இலங்கை மீனும் இல்லை. ஆபிரிக்காவுக்கு உரிய இனம். 1952இல் இங்கே கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். ஏழை வீட்டுச் சட்டிக்கு அது பெரிய உதவி செய்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுபது வருடத்துக்குள் நம் பிள்ளைகளின் மனதில் "ஆற்று மீன்" என்ற இடத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

அந்த மகனின் கேள்விக்கு வருவோம். தலவிலயில் ஆறு இல்லை என்பது உண்மை. மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில் மணல். குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் மணலுக்கடியில் நிற்கும் மழைத் தண்ணீர். ஆனால் நம் சோற்றுக்குப் பின்னால் இரண்டு ஆறுகள் இருக்கின்றன. புத்தளக் களப்புக்குள் வந்து விழும் மீ ஓயாவும் கலா ஓயாவும்தான் அவை. இந்த இரண்டும் நல்ல தண்ணீர் கொண்டுவராவிட்டால் களப்பு வெறும் உப்பளம். மழை பொய்த்த வருடங்களில் களப்புத் தண்ணீர் கடலை விடக் கரிப்பது களப்பில் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். இறால் குஞ்சு, நண்டு, கொடுவா, மணலை எல்லாம் வளர்வது கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்தில். களப்பில் வளர்ந்த மீன்தான் பிறகு நம் பக்கத்துக் கடலிலும் வலையில் ஏறுகிறது. ஆகவே கரைவலை இழுக்கும் தலவிலச் சம்மாட்டிக்கும் கலா ஓயாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

கலா ஓயா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வெள்ளத்தில் பயணிகளோடு ஒரு பஸ் சிக்கியதைத் தொலைக்காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அதே ஆறுதான். மாத்தளைப் பக்கத்து மலையடியில் தொடங்கி, தாதுசேன மன்னன் கட்டிய கலா வாவியைக் கடந்து, ராஜாங்கனையைக் கடந்து, சுமார் 150 கிலோமீற்றர் ஓடி, எலுவன்குளத்துக்கு அப்பால் கங்கேவாடியவில் களப்பைத் தொடுகிறது. பெயரிலேயே வாடி இருக்கிறது, கவனித்தீர்களா? கங்கைக்கரை மீன்வாடி. அங்கே ஆற்றின் இரண்டு பக்கமும் நிற்கும் கண்டல் காடு இலங்கையில் ஆற்றோரமாக மிஞ்சியிருக்கும் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று. ஆற்றின் வடக்கே வில்பத்து. தெற்கே மக்கள்.

பிள்ளைகளின் படங்களைப் பார்த்த பிறகு நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். கங்கேவாடியவில் ஒரு படகு பேசிக்கொண்டு ஆற்றோடு கீழே இறங்கினோம். கண்டல் வேர்களுக்கு நடுவே, முழங்கால் அளவு தண்ணீரில், விரல் நீளக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக நின்றன. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இதுதான் பிள்ளைகள்ட நேசரி" என்றார். அதை விட நல்ல விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நாங்கள் பார்த்ததில்லை.

அந்த நேசரியில் யார் யார் படிக்கிறார்கள் என்று பிறகு தேடித் தேடி வாசித்தோம். சிலரை மட்டும் சொல்கிறோம்.

விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு என்று நினைத்து அடித்துக் கொல்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அது மீன். ஆற்றிலும் குளத்திலும் பல வருடம் வளர்ந்து, முட்டையிடும் வயது வந்ததும் ஆற்றோடு இறங்கிக் களப்பைக் கடந்து ஆழ்கடலுக்குப் போகிறது. முட்டையிட்ட பிறகு திரும்புவதில்லை. கண்ணாடித் துண்டு மாதிரி ஒளி ஊடுருவும் அதன் குஞ்சுகள் தாயும் தகப்பனும் இல்லாமல் கடலில் மிதந்து வந்து, ஏதாவது ஓர் ஆற்றுவாயைக் கண்டுபிடித்து மேலே ஏறுகின்றன. விரலளவு உயிர் ஒன்று சமுத்திரத்திலிருந்து கங்கேவாடியவுக்கு வழி கண்டுபிடித்து வருகிறது. அந்த வாயை நாம் வலையால் அடைத்தால் அதற்கு வேறு கதவு கிடையாது. கொடுவா இதற்கு மறுபக்கம். உவர் நீரில் முட்டையிட்டு, குஞ்சாக இருக்கும்போது கண்டலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளர்கிறது.

அடுத்து, கடலைக் காணாமல் ஆற்றிலேயே வாழும் நம் நாட்டு மீன்கள். லேபியோ என்று ஆய்வாளர்கள் அழைக்கும் கெண்டை இனத்துச் சொந்தக்காரர்கள். உலர்வலய ஆறுகளுக்கு உரிய லேபியோ லங்கே என்ற மீன் இன்று காண்பதற்கே அரிது. இன்னொன்றைத் தென்னிந்திய மீன் என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2018இல்தான் இலங்கை ஆய்வாளர்கள் அது நம் நாட்டுக்கே உரிய தனி இனம் என்று காட்டி, லேபியோ ஹெலடிவா என்று பெயர் வைத்தார்கள். இந்த வகை மீன்கள் மாரி மழையில் ஆறு பெருகும்போது நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறி முட்டையிடுபவை. இடையில் அணை ஒன்று நின்றால் அதற்குக் கீழேயே நின்று முட்டி முட்டித் திரும்ப வேண்டியதுதான். அங்கேதான் வலையும் காத்திருக்கிறது. இலங்கையின் நன்னீர் மீன் இனங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இங்கே முடிந்தால் முடிந்ததுதான்.

முடிந்துபோவது என்றால் என்ன என்பதற்கு நம் களப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வீட்டில் வயதான யாராவது இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: "வேளாவைக் கண்டிருக்கிறீர்களா?" மூக்கு வாள் மாதிரி நீண்டு, இரண்டு பக்கமும் பல் வரிசை வைத்த மீன். பார்வைக்குச் சுறா, உண்மையில் திருக்கையின் உறவு. எங்கள் மாணவர் ஒருவரின் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, கையை அகல விரித்து "வாள் மட்டும் இவ்வளவு" என்று காட்டினார். அதன் வாளில் சிக்கி வலை கிழிந்த கதையை நேற்று நடந்தது மாதிரிச் சொன்னார். அவருடைய மகனும் கடலுக்குப் போகிறவர். நாற்பது வயது. "நான் கண்டதில்ல" என்றார். பேரனுக்கு அந்தப் பெயரே புதிது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. இலங்கைக் கரையோர மீனவர்களிடம் விசாரித்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. வேளா இனங்கள் இலங்கைக் கடலில் ஏறத்தாழ இல்லாமல் போய்விட்டன என்பதே அதன் முடிவு. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. வாள் இருப்பதால் எந்த வலையிலும் எளிதாகச் சிக்கியது. அதன் குட்டிகள் வளரும் ஆற்றுவாய்களும் ஆழமற்ற கண்டல் நீர்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

அமெரிக்காவின் புளோரிடாவிலும் வேறோர் இன வேளா இதே நிலைக்கு வந்தது. 2003இல் அதை அழிவாபத்துள்ள மீன் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். பிடிக்கக்கூடாது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 2009இல் அது குட்டியாக வளரும் இடங்களைக் கோடு போட்டுக் குறித்தார்கள். அந்த இடத்தில் எதைக் காக்க வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதினார்கள்: சிவப்புக் கண்டல், அதன் அருகே மூன்று அடிக்கு மேற்படாத ஆழமுள்ள, உப்பு கூடிக் குறையும் தண்ணீர். வாசித்தபோது கங்கேவாடியப் படகுக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் கைநீட்டிக் காட்டியதைத்தான் அவர்கள் சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்படிக் கோடு போட்டதற்காக அங்குள்ள மக்களை யாரும் வெளியேற்றவில்லை. தூண்டிலையும் படகையும் பறிக்கவில்லை. மத்திய அரசு காசு கொடுக்கும் அல்லது அனுமதி கொடுக்கும் எந்த வேலையும் அந்த இடத்தின் தன்மையைக் கெடுக்காது என்று முதலில் பார்க்க வேண்டும். அதுதான் நிபந்தனை. பாதை போடுவதும் துறை கட்டுவதும் அதற்குப் பிறகு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்று நம் சமூகத்துக்கு விளங்கும். "வில்பத்து" என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சு இறுகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து கையில் ஒரு பையோடு துரத்தப்பட்டு இந்தக் கரைக்கு வந்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் அவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. 2015இற்குப் பிறகு அந்த மக்கள் தங்கள் பழைய ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "காடழிப்பு" என்ற ஒரே சொல்லால் ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். மரத்தின் மீது அன்பு இல்லாதவர்களும் அன்றைக்கு மரத்துக்காக அழுதார்கள். அதனால் இன்று யாராவது கலா ஓயாவைக் காப்போம் என்றால், "அடுத்து யாரை எழுப்பப் போகிறார்கள்?" என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது. அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. எங்களுக்கும் அது இருக்கிறது.

ஆனால் அந்தப் பயத்தோடு ஒதுங்கி இருந்தால் கோடு போடுபவர்கள் நம்மைக் கேட்காமல் போடுவார்கள். அல்லது கோடே இல்லாமல் எல்லாம் கரைந்து போகும். இரண்டுமே நமக்குத்தான் நட்டம். எங்கே கோடு போட வேண்டும், எந்த மாதம் வலை போடக்கூடாது, எந்த வலை ஆகாது என்பதைக் களப்பில் பிழைப்பவர்களே சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் சரி என்று நினைக்கிறோம். இந்தப் பதிவின் முழு நோக்கமும் இதுதான்.

நம் மார்க்கத்துக்கும் இது புதிய விஷயம் இல்லை. ஹிமா என்ற சொல்லை ஆலிம்கள் அறிவார்கள். பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை அப்படி ஒதுக்கினார்கள். மதீனாவையே ஹரமாக்கி, அதன் எல்லைக்குள் மரத்தை வெட்டுவதையும் வேட்டைப் பிராணியைத் துரத்துவதையும் தடுத்தார்கள். பிராணியோடு சேர்த்து அது நிற்கும் மரத்தையும் தடுத்ததைக் கவனியுங்கள். அரபு நாடுகளில் ஊர்களே காவல் காத்த ஹிமாக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. லெபனானில் 2004 முதல் பழைய முறையை மீண்டும் எடுத்து, ஊர்ச் சபைகளே பறவைகளும் ஈரநிலங்களும் உள்ள இடங்களை ஹிமாவாக அறிவித்து நடத்துகின்றன. நம் பள்ளிவாசல்களில் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசலாம். வீண் விரயம் பற்றிக் குத்பா கேட்கிறோம், வுழூத் தண்ணீர் பற்றிக் கேட்கிறோம், அந்தத் தண்ணீர் வரும் ஆற்றைப் பற்றி ஒருமுறை கேட்டால் என்ன?

இலங்கைக்குள்ளேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட என்ற ஊர்ப்பக்கம் ஓடும் ஒரு சிறு ஓடையில் மட்டும் வாழும் மீன் ஒன்று உண்டு. பந்துல பெத்தியா. சுண்டு விரல் அளவு, ஆணின் உடலில் சிவப்பு. உலகுக்கு அது அறிமுகமானதே 1991இல்தான். அது வாழ்ந்த ஓடையின் நீளம் இரண்டு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. காடும் கிடையாது, சரணாலயமும் கிடையாது. வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் வீட்டு வளவுகளுக்கும் நடுவே ஓடுகிறது. வயலுக்கு அடித்த மருந்து ஓடைக்குள் இறங்கியது. வெளிநாட்டு மீன்தொட்டிக்காகப் பிடித்தும் போனார்கள். சில நூறு மீன்கள்தான் மிச்சம் என்ற நிலை வந்தது.

சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மீன் என்று எழுதிவைத்தால் ஓடையில் இறங்கும் மருந்து நின்றுவிடாது. அதனால் அங்கே உயிர்ப்பல்வகைமைச் செயலகமும் ஐ.யூ.சி.என். அமைப்பும் அந்த ஊர் மக்களையே சேர்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். வயல் அவர்களுடையது, வளவு அவர்களுடையது. அவர்கள் மனம் வைக்காவிட்டால் அந்த ஓடையை யாராலும் காக்க முடியாது. நாங்கள் பொறாமையோடு வாசித்தது இதைத்தான்: உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் தங்கள் ஊர் ஓடையில் இருக்கிறது என்று அங்குள்ள பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் ஆற்று மீன் வரையச் சொன்னால் எதை வரையும் என்பதில் சந்தேகம் இல்லை.

நம் பக்கத்து அனுபவம் அவ்வளவு இனிப்பு இல்லை. கற்பிட்டிக்கு வெளியே பார் ரீஃப் பவளப் பாறைகளை 1992இல் கடற் சரணாலயம் என்று அறிவித்தார்கள். கடதாசியில் எல்லை வந்தது. 1998இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்தபோது அந்த எல்லையால் எதுவும் செய்ய முடியவில்லை. மற்ற நாட்களிலும் காவலுக்கு ஆள் போதாது. 2015இல் நாட்டின் எல்லாக் கண்டலையும் பாதுகாக்கும் முதல் நாடு இலங்கை என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அடுத்த வருடம் சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். நல்ல இடம், பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கு முன்பே, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், இந்த மாவட்டத்துக் கண்டல் எவ்வளவோ இறால் பண்ணையாகிவிட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் படுத்தபோது முதலீட்டாளர் போய்விட்டார். குழி மட்டும் மிஞ்சியது. முந்தல் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலால் பாருங்கள், கைவிட்ட தொட்டிகள் இன்றும் வெயிலில் வெடித்துக் கிடக்கின்றன. இறால் பண்ணையால் பிழைத்த குடும்பங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கண்டலை வெட்டிய லாபம் சில வருடம், அது இல்லாத நட்டம் நம் பிள்ளைகளின் காலம் முழுக்க என்ற கணக்கை மட்டும் சொல்கிறோம்.

கங்கேவாடியப் பயணத்தில் நாங்கள் பார்த்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றின் ஒரு வளைவில், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தங்கூசி வலை கட்டியிருந்தார்கள். சட்டப்படி தடைசெய்த வலை. யார் கட்டியது என்று படகுக்காரர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாண் அளவு மீனும் சிக்கும், விரல் அளவு மீனும் சிக்கும். அறுந்து போனால் மக்காமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்து வருடக் கணக்கில் மீனைக் கொல்லும். அதைக் கட்டியவர் வில்லன் இல்லை. டீசல் விலை, பிள்ளையின் டியூஷன் காசு, அடகில் இருக்கும் நகை எல்லாம் அந்த வலைக்குப் பின்னால் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர் அன்று அடைத்தது தன்னுடைய அடுத்த வருடத்து வலையையும் சேர்த்துத்தான்.

நாங்களும் சுத்தம் இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலை விஞ்ஞான அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று டேங்க் கிளீனர் என்ற மீனை வாங்கி விட்டிருந்தோம். அது தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும், கொல்ல மனம் வராமல், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு குளத்தில் கொண்டுபோய் விட்டோம். கருணை செய்தோம் என்று நினைத்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். தென்னமெரிக்காவுக்கு உரிய அந்த மீன் இன்று நம் நாட்டின் பல நீர்த்தேக்கங்களில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் விற்க முடியாமல் கரையில் குவித்து எறிகிறார்கள். குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகும் என்பது விஞ்ஞானம் கற்பிக்கும் எங்களுக்கு அன்று தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது இந்தப் பதிவையும் வாசிப்பார்கள். அன்று நாங்கள் காட்டிக் கொடுத்தது தவறு, பிள்ளைகளே. வீட்டுத் தொட்டி மீனை எந்தத் தண்ணீரிலும் விடாதீர்கள். வேண்டாமென்றால் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

சரி, என்ன கேட்கலாம்? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீர்வாழ் வளங்கள் சட்டத்தில் ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பகுதி என்று பிரகடனம் செய்ய இடமிருக்கிறது. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் மீன்பிடியை நிறுத்தவும், ஓர் இடத்தை ஒதுக்காக அறிவிக்கவும் வழி இருக்கிறது. அந்தப் பகுதி மீனவர்களே குழுவாகப் பதிந்து பேசவும் வழி இருக்கிறது. களப்பு முகாமைத்துவம் என்று பல கூட்டங்கள் இதற்கு முன் நடந்ததும் தெரியும். தேநீர் குடித்தோம், கையொப்பம் வைத்தோம், வந்தோம். இந்தமுறை முழுக் களப்பையும் பற்றிப் பேசாமல் சின்னதாக ஒன்றைக் கேட்போம். கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பைத் தொடும் அந்த இரண்டு இடங்கள். மாரியில் ஆறு பெருகி மீன் ஏறும் வாரங்கள். அந்த இடத்தில், அந்த வாரங்களில், ஆற்றை மறித்து வலை கட்டக்கூடாது. அங்குள்ள கண்டலில் கத்தி வைக்கக்கூடாது. ஆற்று மணல் அள்ள அனுமதி கொடுக்கும் முன் அதிகாரிகள் மீன் முட்டையிடும் இடமா என்று பார்க்க வேண்டும். எந்த வாரங்கள் என்பதைக் கொழும்பில் இருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதை எலுவன்குளத்துக்காரரும் கற்பிட்டிக்காரரும் சொல்வார்கள். அந்த வாரங்களில் தொழில் இழப்பவருக்கு என்ன உதவி என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்பது அநியாயம்.

மேலே கட்டிய அணைகளை நாம் உடைக்க முடியாது. கலா வாவியும் ராஜாங்கனையும் ஆயிரமாயிரம் விவசாயிகளுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் எவ்வளவு தண்ணீரை எப்போது கீழே விடுவது என்பதில் களப்புக்காரருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். இன்றைக்கு மகாவலித் தண்ணீரும் கலா வாவிக்கு வந்து, வயல்களைக் கடந்து, வயல் மருந்தையும் சேர்த்துக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது. கடைசி வீட்டுக்காரர் நாம். கடைசி வீட்டுக்காரரின் முறைப்பாடு எப்போதும் கடைசியாகத்தான் கேட்கப்படும், சத்தமாகச் சொன்னால் ஒழிய.

இதைப் பள்ளிவாசல் நிர்வாகம் தனியாகக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பங்குத்தந்தை தனியாகக் கேட்டாலும் அப்படித்தான். அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடே தலவிலக்கு வருகிறது. அந்த நாட்களில் யார் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. அப்படிப் பழகிய ஊர் ஒன்றாகக் கையொப்பம் வைத்தால் பிரதேச செயலகத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் அந்தக் கடிதத்தை இலகுவில் கோப்புக்குள் புதைக்க முடியாது. சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும். அதை எழுதித்தர எங்கள் இரண்டாம் மொழி ஆசிரியை சம்மதித்திருக்கிறார்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பிள்ளைகள் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறார்கள். நம் களப்பிலும் ஆற்றுவாயிலும் முன்பு கண்ட மீன்களின் பெயர்கள், எந்த மாதம் கண்டது, எங்கே கண்டது, கடைசியாக எப்போது கண்டது. இதுவரை 43 பெயர் சேர்ந்திருக்கிறது. சில பெயர்கள் எந்த மீனுக்கு உரியவை என்று எங்களுக்கே விளங்கவில்லை. அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் வேளாவை வரைந்திருப்பது, ஆறே இல்லையே என்று கேட்ட அதே மகன்தான். அவனுடைய அப்பா சொல்லச் சொல்ல வரைந்தான். வாள் கொஞ்சம் கோணல்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை முன்மண்டபத்தில் இருப்போம். கடலிலும் களப்பிலும் தொழில் செய்த பெரியவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள், பிள்ளைகளோடு நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். பழைய வேளா வாள் யாராவது பரணில் வைத்திருந்தால் ஒருநாளைக்கு இரவல் தாருங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.